மனுதாரர் வீட்டில் இல்லை

ஆத்மநாதன் மின்சார அலுவலகத்தில் வயர்மேன். புரட்டாசி பிறந்துவிட்டால் அவருக்கு மரக்கிளை வெட்டுவதுதான் முக்கால்வாசி வேலை. ஐப்பசி மழையும் காற்றும் வருவதற்குள் கம்பியைத் தொடுகிற கிளைகளையெல்லாம் கழித்துவிட வேண்டும். காலையில் வெட்டுவார். மதியம் சாப்பிட்டுவிட்டு, வெட்டிப்போட்ட கிளைகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து நெற்றுகளைப் பொறுக்குவார். சாயங்காலம் வீட்டுக்குப் போய் விதையை ஊறப்போடுவார். அடுத்த ஐப்பசி மழையில் கன்றுகளைக் கொண்டுபோய் நடுவார். நடுகிற இடம் கம்பிக்கு நேர் கீழே. நாலைந்து வருஷத்தில் மரம் வளர்ந்து கம்பியைத் தொடும். அவரே போய் வெட்டுவார்.

நான் அதே அலுவலகத்தில் மனு வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள். பெயர் ராஜலட்சுமி. பன்னிரண்டு வருஷமாக அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஏண்ணே, ஊரு பூரா எடம் கெடக்கு. கம்பிக்குக் கீழதான் நடணுமா?"

"எங்கம்மா எடம் கெடக்கு? கண்மாய்க் கரையில கருவேல். மேட்டுல தைலமரம். கோயில் எடம்னா பத்துப் பேரு கையெழுத்துப் போடணும். மிச்ச எடத்துல எவனாவது ஒரு நாள் வீடு கட்டுவான். கம்பிக்குக் கீழ மட்டும்தான் யாரும் கட்ட மாட்டாங்க" என்றார்.



அவருக்கு இந்தப் பழக்கம் கஜா புயலில் வந்தது. அந்த ஐப்பசிக் கடைசியில் மாவட்டமே இருட்டாகக் கிடந்தது. இவரைக் கட்டுமாவடிப் பக்கம் அனுப்பியிருந்தார்கள். இருபத்திரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை. சாய்ந்த கம்பங்களை நிமிர்த்துவதும், கம்பி மேல் விழுந்த மரங்களை அறுப்பதும்தான் வேலை. அங்கே ரோட்டோரம் ஒரு நாட்டு வாகை வேரோடு பெயர்ந்து கிடந்ததாம். "மரம் செத்துப் போச்சு. நெத்து மட்டும் காத்துல சலசலன்னு பேசிக்கிட்டே இருந்துச்சு. அதை எப்படி அறுக்குறது?" என்பார். ஒரு கைப்பிடி நெற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மரத்தை அறுத்தார்.

அந்த ஒரு கைப்பிடி அவர் மனைவி சொர்ணவல்லியின் சமையலறையைப் பிடித்துக்கொண்டது. வாகை விதைக்குத் தோல் கெட்டி. கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, அது தானாக ஆறும் வரை ஊறவிட்டால்தான் முளைக்கும். இலுப்பை விதையை உதிர்ந்த கையோடு மண்ணுக்குள் வைத்துவிட வேண்டும், காய்ந்தால் போச்சு. உசிலைக்கு ஒரு பக்குவம், மகிழத்துக்கு ஒரு பக்குவம். வீட்டில் இருந்த எல்லா டம்ளரிலும் ஏதாவது ஊறிக்கொண்டிருந்தது. குளியலறைப் படி முழுக்கப் பால் பாக்கெட்டில் செம்மண். விருந்தாளி வந்தால் சொர்ணவல்லி சொம்பில்தான் காபி கொடுப்பார்.

ஒரு ஐப்பசியில் அடைமழை ஆறு நாள் விடவில்லை. கொடியில் தொங்கிய காக்கிச் சட்டை காயவே இல்லை. ஏழாம் நாள் எடுத்துப் பார்த்தால், பையில் மறந்துவிட்டிருந்த மூன்று விதைகள் முளைத்து, ஒன்று பித்தான் துளை வழியாகத் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. வேர் துணியோடு பின்னிப்போயிருந்ததால் பிடுங்க மனசில்லை. பையை மட்டும் கத்தரித்து, துணியோடு மண்ணில் வைத்தார். பை இல்லாத சட்டையோடு வேலைக்கு வந்தவரிடம் அப்போது ஏஇயாக, அதாவது உதவிப் பொறியாளராக, இருந்தவர் விளக்கம் கேட்டார். "பை முளைத்துவிட்டது" என்று எழுதிக்கொடுத்தார். அந்தக் காகிதத்தை எந்தக் கோப்பில் வைப்பது என்று தெரியாமல் நான் மூன்று நாள் மேஜை மேலேயே வைத்திருந்தேன்.

மற்றவர்களுக்கு ஐப்பசி என்றால் தீபாவளி. ஆத்மநாதனுக்கு அது மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துகிற நாள். கம்பத்து உச்சியில் இடுப்புக் கயிற்றில் சாய்ந்துகொண்டு பார்த்தால், ஒவ்வொரு கண்மாயாகத் தண்ணீர் ஏறிக்கொண்டு வருவது தெரியுமாம். குடுமியான்மலை கழுவி வைத்த மாதிரி நிற்குமாம். கரண்டு நின்றதும் மிக்ஸியும் டிவியும் மோட்டாரும் ஒரே மூச்சில் அடங்க, வீட்டுக்குள் கிடந்த சனமெல்லாம் வெளியே வந்து வானத்தைப் பார்க்குமாம். "நான்தான் எல்லாரையும் வெளியில கூப்பிட்ட மாதிரி இருக்கும்மா" என்று ஒரு தரம் சொன்னார். கீழே எங்கேயோ கடலை அவிக்கிற வாசனை வரும். தட்டான்கள் அவர் காது உயரத்தில் பறக்கும்.

கட்டுமாவடி வாகையில் வந்த கன்றுகளில் ஒன்று குருந்தம்பட்டி பிரிவுச் சாலையில், வீரய்யாவின் பஞ்சர் கடை முன்னால் நின்றது. ஆறு வயசு. வருஷா வருஷம் கிளை கழித்தும், அது கம்பியை நோக்கியே சாய்ந்து வளர்ந்தது. போன வருஷம் புது ஏஇ வந்தார். பெயர் ஜனனி. திருமயம் பக்கத்துக் குடும்பம், படித்ததெல்லாம் சென்னை. இருபத்தெட்டு வயசுதான் இருக்கும். எதையும் நேரில் போய்ப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். அந்த மரத்தையும் போய்ப் பார்த்தார்.

"இதை வருஷத்துக்கு ரெண்டு தடவை கழிக்கிறதுக்கு, அடியோட எடுத்துடலாம் ஆத்மநாதன். காத்துல உரசிப் பொறி பறந்தா யாரு பொறுப்பு?"

"சரிங்க மேடம்" என்றார் ஆத்மநாதன். நட்டது தான்தான் என்று அவர் சொல்லவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்கு மனு ஜன்னலில் வரிசை நின்றது. நாலாவது ஆளாக ஆத்மநாதன். வெள்ளை வேட்டி, தேய்த்த சட்டை, நெற்றியில் விபூதி.

"என்னண்ணே வெளிய நிக்கிறீங்க, உள்ள வாங்க."

"இல்லம்மா. இன்னைக்கு நான் லீவு. பொதுமக்கள்" என்று சொல்லிவிட்டு, முன்னால் நின்றவரின் முறை முடியும் வரை காத்திருந்தார்.

அவர் நீட்டிய மனுவில் இப்படி இருந்தது: "குருந்தம்பட்டி பிரிவுச் சாலையில் என்னால் நட்டு வளர்க்கப்படும் வாகை மரத்தின் மீது தங்கள் மின்கம்பி உரசிக்கொண்டிருக்கிறது. கம்பியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

"மரம்தானேண்ணே கம்பியில உரசுது?"

"ரெண்டும் ஒண்ணை ஒண்ணு உரசுது. மனுங்கறது மனுதாரர் பக்கத்துலேருந்து எழுதுறதும்மா." ரசீதில் தேதி முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார்.

மனுவை ஏஇ மேஜைக்குக் கொண்டுபோனேன். ஜனனி இரண்டு தரம் படித்தார்.

"இது நம்ம ஆத்மநாதன்தானே?"

"ஆமாங்க மேடம்."

"இதை யாரு விசாரிக்கணும்?"

"அந்த ஏரியா வயர்மேன்."

"அது யாரு?"

"ஆத்மநாதன்."

மறுநாள் ஜனனி ஆத்மநாதனையே கூப்பிட்டுக் கேட்டார். "என்கிட்ட வாயால சொல்லியிருந்தா முடிஞ்சு போயிருக்கும். இதுக்கு எதுக்கு மனு?"

"மேடம், நீங்க ரெண்டு வருசத்துல மாறிப் போயிருவீங்க. அடுத்து வர்ற ஏஇ வெட்டச் சொன்னா, காட்டுறதுக்கு ஒரு காயிதம் வேணும்."

"சரி. விசாரணைக்கு வேற ஆள் அனுப்பட்டுமா?"

"இருந்தா அனுப்புங்க மேடம்."

இல்லை. எங்கள் பிரிவில் இரண்டு இடம் காலியாகக் கிடக்கிறது. "அப்ப நீங்களே விசாரிங்க. ஆனா முறையா விசாரிங்க" என்றார் ஜனனி. அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பிற்பாடு என்னிடம் வருத்தப்பட்டார்.

முறையாக என்றால், வயர்மேன் மனுதாரரின் வீட்டுக்குப் போய் அவரை நேரில் கண்டு வாக்குமூலம் எழுதி வாங்க வேண்டும். புதன்கிழமை பதினோரு மணிக்கு ஆத்மநாதன் காக்கிச் சட்டையில், கையில் படிவத்தோடு, தன் வீட்டுக் கதவைத் தட்டினார். அடுத்து நடந்ததைச் சொர்ணவல்லிதான் என்னிடம் சொன்னார்.

"கதவைத் தொறந்தேன். மூஞ்சியை வெறப்பா வச்சுக்கிட்டு, 'ஆத்மநாதன் இருக்காருங்களா'ன்னு கேக்குறாரு. நானும் வெளையாட்டுக்கு, 'இல்லைங்களே, டூட்டிக்குப் போயிட்டாரே'ன்னேன். அந்த மனுசன் 'சரிங்க'ன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாரு ராஜி."

படிவத்தில் அப்படியே இருந்தது. "முதல் முறை: மனுதாரர் வீட்டில் இல்லை. பணிக்குச் சென்றிருப்பதாக மனைவி தெரிவித்தார்."

வெள்ளிக்கிழமை இரண்டாம் முறை போனார். இந்தத் தடவை சொர்ணவல்லி விளையாடவில்லை. "முன்னாலதான நிக்கிறீங்க, எழுதிக்க வேண்டியதுதான" என்றாராம். "நான் இப்ப டூட்டியில இருக்கேன். டூட்டியில இருக்கறப்ப வீட்டுல இருக்கேன்னு எழுதுனா ரெண்டுல ஒண்ணு பொய்" என்று சொல்லி, இரண்டாம் முறையும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். போகும்போது ஊறவைத்த உசிலை விதையைக் கொஞ்சம் கிளறிவிட்டுப் போனதாகவும் சொர்ணவல்லி சொன்னார். அது டூட்டியா இல்லையா என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மூன்று முறை போயும் மனுதாரர் இல்லை என்றால் மனுவை முடித்துவிடலாம் என்பது எங்கள் அலுவலக வழக்கம். ஆத்மநாதனுக்கு அது நன்றாகத் தெரியும். அதனால் மூன்றாம் முறைக்குக் குறித்திருந்த திங்கட்கிழமை, மனுதாரர் கட்டாயம் வீட்டில் இருக்க வேண்டும் என்று லீவு போட்டார்.

அன்று காலையிலேயே குளித்து, வேட்டி கட்டி, வாசலில் விசாரணைக்கு வருபவருக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்தார். சொர்ணவல்லியைத் தேநீர் போட்டுத் தூக்கில் ஊற்றி வைக்கச் சொன்னார். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. தூறல் வந்ததும் நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டார். மூன்றரை மணிக்கு எங்கள் ஜன்னலில் வந்து நின்றார்.

"ஏம்மா, விசாரணைக்கு வாரேன்னாங்க. காலையிலேருந்து காத்துக்கிட்டு இருக்கேன். யாரும் வரலை."

"அண்ணே, வர வேண்டியவரு இன்னைக்கு லீவுண்ணே."

அவர் யோசித்தார். நெற்றியில் ஒரு விரலை வைத்துக்கொண்டு நன்றாகவே யோசித்தார்.

"ஆமா, லீவு லெட்டர் நான்தான் குடுத்தேன். அப்ப அவரு மேல தப்பு இல்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

ஜனனி அன்று சிரிக்கவே இல்லை. படிவத்தைக் குறுக்கும் நெடுக்குமாகப் பார்த்தார். "மனுதாரரால் வர முடியலைன்னா அவர் சார்பா யாராவது பேசலாம்ல?" என்று கேட்டார். பேசலாம். மனுதாரர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். "அப்ப அவர் மனைவியை வரச் சொல்லுங்க. வீட்டுல வேணாம். மரத்தடியிலேயே வச்சுக்கலாம். நானும் வாரேன். ராஜலட்சுமி, நீங்களும் வாங்க."

இதில் ஒரு சிக்கல் இருந்தது. சொர்ணவல்லிக்கு மரம் என்றாலே பிடிக்காது. பால் பாக்கெட்டைப் பார்த்தால் பல்லைக் கடிப்பார். "அந்த அம்மா வந்து 'வெட்டிடுங்க'ன்னு சொல்லிட்டா?" என்று கேட்டேன். "சொன்னா எழுதத்தான் வேணும்" என்றார் ஆத்மநாதன். அன்று மதியம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை காலை. இரவெல்லாம் பெய்துவிட்டு அப்போதுதான் விட்டிருந்தது. மரத்தடியில் கடலை வண்டி, ஆவி பறக்க. வீரய்யா டியூப் ஒன்றைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். ஆத்மநாதன் காக்கியில், நிமிர்ந்து நின்றார். சொர்ணவல்லி நல்ல புடவை கட்டி, பஸ்ஸில் வந்து இறங்கினார். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டிலிருந்து தனித்தனியாக வந்தார்கள்.

முதலில் அக்கம்பக்கத்துச் சாட்சி. "இந்த மரம் இருப்பதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?" என்று வீரய்யாவிடம் கேட்டார் ஆத்மநாதன்.

"நீங்கதானப்பா நட்டீங்க. தண்ணி ஊத்தச் சொல்லி என்னைய ரெண்டு வருசம் தொல்லை பண்ணுனதும் நீங்கதான."

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"இல்லை" என்றார் வீரய்யா, டியூபைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலேயே.

அடுத்தது சொர்ணவல்லி. அதிகாரக் கடிதத்தைச் சரிபார்த்து, அதில் இருக்கும் கையெழுத்து மனுதாரருடையதுதானா என்று ஆத்மநாதன் கேட்டார்.

"உங்களுக்குத் தெரியாதா?"

"நீங்க சொல்லணும்."

"அவரோடதுதான்."

"மரத்தை ஏன் எடுக்கக் கூடாது?"

சொர்ணவல்லி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "எங்க வீட்டுல பதினாறு டம்ளர் இருக்கு. ஆறேழு வருசமா அதுல ஒண்ணுல கூட நிம்மதியாத் தண்ணி குடிச்சதில்லை. அதுலேருந்து வந்த மரம் இது. வெட்டுனா என் டம்ளருக்கு யாரு பதில் சொல்றது? இந்த வெதையில மொளைச்சது நாப்பத்தி மூணு. ஆடு கடிச்சது போக, வண்டி ஏறுனது போக, தேறுனது ஆறு. அஞ்சை இவரே வெட்டிச் சாச்சுப்புட்டாரு. மிச்சம் இது ஒண்ணு."

நான் ஆத்மநாதனைப் பார்த்தேன். அந்த எண்ணிக்கை அவருக்கே தெரிந்திருக்காது என்பது முகத்தில் தெரிந்தது. இருந்தாலும் விடவில்லை.

"இவருன்னா யாரு? மனுதாரரைச் சொல்றீங்களா, வயர்மேனைச் சொல்றீங்களா?"

"அருவா யாரு கையில இருந்துச்சோ அவரைச் சொல்றேன்."

ஜனனி குனிந்து செருப்பில் ஒட்டிய சேற்றைத் துடைத்துக்கொண்டார். ஆத்மநாதன் எழுதினார். படிவத்தில் ஒரே ஒரு இடம் பாக்கி இருந்தது.

"மரத்தால் என்ன பயன்?"

சொர்ணவல்லி கம்பத்தைப் பார்த்தார். கம்பத்தின் உச்சியைப் பார்த்தார்.

"மாசா மாசம் கரண்டை நிறுத்திட்டு அவரு இந்தப் போஸ்டுல ஏறுவாரு. ஏறுற அன்னைக்கு எனக்கு வீட்டுல இருப்புக் கொள்ளாது. யாராவது மறந்துபோய்க் கரண்டை விட்டுட்டா? அதான் சோறு குடுக்குற சாக்குல பஸ் ஏறி இங்கிட்டு வந்துருவேன். இந்த மரத்துக்கு அடியில உக்காந்துக்குவேன். ரெண்டு கை அவிச்ச கடலை வாங்கிக்குவேன். அங்கிட்டு டீக்கடையில லைட்டு எரியாம இருக்கற வரைக்கும் கடலையைத் தின்னுக்கிட்டு மேல பாத்துக்கிட்டே இருப்பேன். மரம் இல்லைன்னா வெயில்ல எம்புட்டு நேரம் உக்கார்றது? மழையில எம்புட்டு நேரம் உக்கார்றது?"

வீரய்யாவின் டியூபிலிருந்து குமிழ் மட்டும் வந்துகொண்டிருந்தது.

ஆத்மநாதன் பேனாவைக் காகிதத்தில் வைத்தபடி நின்றார். மனைவி சோறு கொண்டுவருவது சோறு கொடுக்கத்தான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தவர் அவர். "கடலைங்கறதையும் எழுதட்டுங்களா?" என்று கேட்டார். கேட்டது மனைவியையா ஏஇயையா என்று தெரியவில்லை.

"எழுதுங்க" என்றார்கள் இரண்டு பேரும்.

"பயன்: அமர்ந்து அவித்த கடலை உண்ணவும், மேலே பார்க்கவும்" என்று எழுதினார். கீழே வயர்மேன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஜனனி அங்கேயே, பஞ்சர் கடை ஸ்டூலில் காகிதத்தை வைத்து, மரத்தை எடுக்க வேண்டாம் என்றும், கம்பத்தில் ஒரு பக்கம் நீண்ட இரும்புக் கை பொருத்திக் கம்பிகளை ரோட்டுப் பக்கமாகத் தள்ளிக்கொள்ளலாம் என்றும் உத்தரவு எழுதினார். பிறகு ஐந்து பேரும் கடலை தின்றோம். சூடு தாங்காமல் கை மாற்றிக்கொண்டே தின்றோம். ஆத்மநாதன் முதலில் மறுத்தார், விசாரணை நடத்த வந்த இடத்தில் வாங்கிச் சாப்பிடக் கூடாதாம். விசாரணை முடிந்துவிட்டது என்று ஜனனி சொன்ன பிறகுதான் கை நீட்டினார்.

கார்த்திகை முதல் வாரத்துப் பராமரிப்பு நாளில் வேலை நடந்தது. பக்கத்துப் பிரிவிலிருந்து இரண்டு பேரை உதவிக்கு வரவழைத்தார்கள். மேலே ஏறி, கம்பியை எடுத்து மாட்டியது ஆத்மநாதன்தான். இரண்டு மணிக்கு ஆரம்பித்த வேலை நாலரைக்கு முடிந்தது. இப்போது மரத்துக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு ஆள் நீட்டிப் படுக்கலாம்.

மனுவை முடிக்கும் முன் மனுதாரரிடம் திருப்திப் படிவம் ஒன்று வாங்க வேண்டும். மறுநாள் லீவு போட்டுவிட்டு வேட்டியில் வந்து, ஜன்னலுக்கு வெளியே நின்றே நிரப்பிக் கொடுத்தார். வேலையின் தரம் என்ற இடத்தில் "நன்று". பொறியாளரின் அணுகுமுறை என்ற இடத்தில் "மிக நன்று". பணியாளரின் அணுகுமுறை என்ற இடத்தில் "சுமார். மூன்று முறை அலைக்கழித்தார்."

"அண்ணே, இதை இப்படியே குடுத்தா மேடம் அவருக்கு மெமோ குடுக்க வேண்டி வரும்."

"குடுக்கட்டும்மா. உள்ளதைத்தான எழுதியிருக்கேன்."

மெமோ போயிற்று. ஜனனியின் கையெழுத்தோடு, நான்தான் தட்டச்சு செய்தேன். அதற்கு அடுத்த நாள் காக்கிச் சட்டையில் வந்து ஆத்மநாதன் பதில் கொடுத்தார். குற்றச்சாட்டை ஒப்புக்கொள்வதாகவும், மனுதாரர் வேலைக்குப் போகிறவர் என்பதைத் தான் கருத்தில் கொள்ளத் தவறிவிட்டதாகவும், இனிமேல் அவர் வீட்டுக்குப் போகும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போவதாகவும் எழுதியிருந்தார்.

ஜனனி அதைப் படித்துவிட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று ஓரத்தில் எழுதினார். "இவருக்கும் மனுதாரருக்கும் இப்ப பேச்சுவார்த்தை உண்டா?" என்று என்னிடம் கேட்டார்.

"காலையில ஒரே வண்டியிலதான் மேடம் வந்தாங்க" என்றேன்.